மூன்று நிறத்தில் அடிக்கோடு

அடிக்கோட்டுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. புத்தகம் கைக்கு வந்ததும் படிக்காமலே கோடு போடுகிற இனம். நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஆசிரியர் பயிற்சிக் கூடங்களில் ஏராளமாக மேயும்.

நம்ம ஆளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஸ்கேல் சார். பதின்வயதுப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை வளர்ப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரும் மூன்று நாள் பயிற்சிக்கு வந்திருந்தார். அவருக்கு இது பதினோராவது பயிற்சி. மின்விசிறிக்கு நேர் கீழே, பயிற்றுநர் கண்ணில் படுகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து சிவப்பு, பச்சை, ஊதா என்று மூன்று பேனாவை எடுத்து அடுக்கி, கையேட்டைத் திறந்து, ஸ்கேலை வைத்து, பக்கத்துக்கு ஏழு கோடு வீதம் இழுத்துக்கொண்டே போவார். கண்ணுக்கு அழகாக இருக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால்? அது எதற்கு இப்போது. யாராவது மடக்கினால், "இதைக் களத்துல வெச்சுப் பார்க்கணும்" என்பார். அந்த ஒரு வாக்கியத்திலேயே பத்துச் சான்றிதழ் வாங்கியாயிற்று.

இந்த முறை ஆசை பெரிது. மூன்றாம் நாள் ஒவ்வொருவரும் கையேட்டில் ஒரு பகுதியை விளக்க வேண்டும். நன்றாக விளக்குகிறவரைப் பயிற்றுநராக எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொண்டால் வருஷம் முழுக்க ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவுப் பக்கம் தலைவைக்க வேண்டாம். அங்கே பாதிப் பேர் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். மீதிப் பேர், இந்தக் கதையில் வருகிறவன் எதற்கு அழுகிறான் சார் என்று கேட்கிறார்கள். சாருக்கு அந்த மீதிப் பேரிடம்தான் பயம்.

மூன்றாம் நாள் காலை, அவர் பள்ளியிலேயே வேலை பார்க்கும் அறிவியல் டீச்சர் கையேட்டை முதன்முதலாகத் திறந்தார். பக்கத்து நாற்காலிக்குக் குனிந்தார்.

"சார், அட்டைதான் நம்மளுது. உள்ள இருக்கறது கோழி வளர்ப்பு."

அச்சகத்தில் அட்டை மாறிப்போயிருந்தது. இரண்டு நாளாக நாற்பது ஆசிரியர்கள் கோழிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டியிருக்கிறார்கள். முதலில் விளக்க வேண்டியவர் சார்தான். தொண்ணூறு பக்கத்துக்கும் கோடு போட்டவர் இனிமேல் தெரியாது என்று சொல்ல முடியுமா?

"மேலோட்டமாப் படிக்காதீங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு எழுந்து மேடைக்குப் போனார்.

சிவப்புக் கோட்டை வாசித்தார்: "முதல் வாரத்தில் குஞ்சுகளுக்கு வெளிச்சமும் சூடும் குறையக் கூடாது. நெருக்கி அடைத்தால் ஒன்றையொன்று கொத்தும்." கண்ணை மூடித் திறந்து, இங்கே குஞ்சு யார் என்று கூட்டத்தைக் கேட்டார். நாலு பேர் குறிப்பெடுக்கத் தொடங்கினார்கள். அதோடு இறங்கியிருக்கலாம். துணிச்சல் வந்துவிட்டதே. கழிச்சல் கண்ட குஞ்சைத் தனியே பிரித்து வைப்பது மெல்லக் கற்பவருக்கான தனிக் கவனம் என்றார். நாற்பத்திரண்டாம் நாள் எடை பார்த்து வண்டியில் ஏற்றுவது ஆண்டுத் தேர்வு என்றார். பின்வரிசைக் கணக்கு ஆசிரியர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கையேட்டை எழுதிய குழுவில் பயிற்றுநர் அம்மாவும் ஒருவர். "நாங்க எழுதினப்போ இவ்வளவு ஆழம் இருக்கும்னு நினைக்கவே இல்ல சார்," என்றார். சார் பயிற்றுநர் ஆகிவிட்டார்.

தேநீர் இடைவேளையில் அறிவியல் டீச்சர், வாசல் ஓரம் கயிறு போட்டுக் கிடந்த ஒரு கட்டின் மேலிருந்த காலிக் கோப்பைகளை அகற்றினார். முதல் நாளிலிருந்தே அது அங்கேதான் கிடந்தது. மேலே ஒரு சீட்டு: 'இது உங்கள் புத்தகம். எங்கள் கோழிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள்.' அடுத்த தெருவில் பயிற்சிக்கு வந்த கோழிக்காரர்கள் முதல் நாளே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் படிக்கிறவர்கள்.

டீச்சர் சாரைக் கூப்பிட்டுக் காட்டினார். சார் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"திங்கட்கிழமை நான் ஆசிரியர்களுக்கு வகுப்பு எடுக்கணும் டீச்சர். கோழிதான் எனக்கு நல்லா வருது. நம்ம புத்தகம் கட்டுலயே இருக்கட்டும்."

டீச்சர் ஒன்றை உருவிக்கொண்டு போய்விட்டார். ஒன்பதாம் வகுப்பு 'ஆ' இனி அவர் பொறுப்பு. பிள்ளைகள் பிழைத்தார்கள்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். நேற்று யாரோ அனுப்பிய கட்டுரைக்கு 'அருமை' என்று போட்டு, நாலு பேருக்குத் தள்ளியும் விட்டீர்களே, அதில் என்னதான் எழுதியிருந்தது?