வலப்பக்கம் இல்லாத டாங்கி

மனைவி இல்லாத வீடு சொர்க்கம் என்று சொல்லும் ஆண்கள் உண்டு. பெரும்பாலும் மனைவி பக்கத்து அறையில் இருக்கும்போது, உதடு அசையாமல் சொல்வார்கள். நம்ம கண்ணாடிக்காரர் அதை வாசலில் நின்று வாய்விட்டே சொன்னார். அவள் ஏறிய கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் சொன்னார் என்பது வேறு விஷயம்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பவர் பார்ப்பார், லென்ஸ் தேய்ப்பார், கழன்று விழுந்த கடுகத்தனை திருகாணியை மாட்டிக் கொடுப்பார். வீட்டம்மா தையல்காரி. ஆண்கள் சட்டை தைப்பதில் அவளை அடிக்க அந்தப் பக்கம் ஆள் கிடையாது. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். மகளுக்கு இப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. துணைக்கு அம்மா வந்தால் தேவலை என்று மகள் கூப்பிட, அவள் தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு பேச்சு நடந்தது. எல்லாக் கூத்தும் அங்கேதான் ஆரம்பம்.

பீரோ மேல் பதினோரு வருஷமாக ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள்ளே ஒரு டாங்கி. யுத்தத்துக்குப் போகிற டாங்கியேதான், ஆனால் அளவில் நிஜ டாங்கியின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு, அதுவும் பிளாஸ்டிக்கில். முழுசாகவும் இல்லை. நானூற்றுச் சொச்சம் துண்டுகள், சட்டம் சட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, ராவி, ஒட்டி, வர்ணம் அடித்தால் டாங்கி. அடிக்காவிட்டால் அட்டைப்பெட்டி. அது என்ன ஆச்சு என்று யார் கேட்டாலும் கண்ணாடிக்காரரிடம் ஒரே பதில் தயாராக இருக்கும். இவள் வீட்டில் இருக்கிறவரை எங்கே முடிப்பது? உட்கார்ந்தால் கொடியில் துணி எடு என்பாள், எழுந்தால் குழாயை மூடு என்பாள்.

அன்றைக்கும் அதையே சொன்னார். அவள் பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

"சரிங்க. நான்தான் போறேன்ல, நிம்மதியா முடிங்க. முடிச்சுட்டு ஒரு போட்டோ அனுப்புங்க, அன்னிக்கே கிளம்பி வந்துடறேன். அதுவரைக்கும் நான் எதுக்குக் குறுக்க?"

"ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வா" என்றார் கண்ணாடிக்காரர்.

இந்த 'மெதுவா வா'வை அவர் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவருகிறார். அவள் அம்மா வீட்டுக்குப் போனாலும் மெதுவா வா, தங்கை வீட்டுக்குப் போனாலும் மெதுவா வா. சீக்கிரம் வா என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் ஆண்பிள்ளையின் கெத்து என்னாவது என்பது அவர் கட்சி. அவளும் ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தை ஒரு நொடி பார்ப்பாள், பிறகு பையை எடுத்துக்கொண்டு போவாள்.

முதல் வாரம் ஆனந்தம்தான். அவளுடைய வெட்டு மேசை முழுக்க அவருடைய ராஜ்ஜியம். அவள் அளவுநாடா ஒரு மூலைக்குப் போனது. துணி க்ளிப்புகள் எல்லாம் கொடியிலிருந்து இறங்கி, பசை காய்கிறவரை டாங்கியின் வயிற்றைக் கவ்விப் பிடித்துக்கொண்டு நின்றன. மதியம் கடையை மூடிவிட்டு வருவார், நின்றுகொண்டே ரொட்டியும் அவித்த முட்டையும் தின்பார், உட்கார்ந்துவிடுவார். துணி எடு என்று சொல்ல ஆளில்லை. குழாய் ஒழுகியது. ஒழுகட்டும் என்று விட்டார்.

குழாய்ச் சத்தம் கேட்டோ என்னவோ, எதிர்வீட்டு ப்ளம்பர் வந்து சேர்ந்தார். வீட்டில் டேங்க் வேலை நடப்பதாகத் தெருவில் பேச்சாம். எத்தனை லிட்டர், மொட்டைமாடியிலா தரையிலா என்று விசாரித்தார். கண்ணாடிக்காரர் மேசையைக் காட்டினார். ப்ளம்பர் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, இதுக்கு எங்க தண்ணி ஊத்தறது என்றார். ஆனாலும் நல்ல மனுஷன். குழாய்க்கு வாஷர் மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

குழாய் நின்ற பிறகுதான் வினை பிடித்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. முப்பத்தொரு வருஷமாக அந்த மெஷின் ஓடிக்கொண்டிருந்த வீடு. சட்டைக் கைக்கு ஒரு வேகம், காலருக்கு ஒரு வேகம், நூல் அறுந்தால் ஒரு முணுமுணுப்பு. கண்ணாடிக்காரர் அதை ஒருநாளும் காதுகொடுத்துக் கேட்டதில்லை. இப்போது அது இல்லாததைக் காது கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருநாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டே, "இந்தா, அந்தத் தண்ணிச் சொம்ப எடு" என்றார். உறை போட்ட மெஷின் அப்படியே உட்கார்ந்திருந்தது. அவரே எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

அவருக்கு அவள் வேண்டும். சுற்றி வளைப்பானேன், அவ்வளவுதான் விஷயம். குழாயை மூடு என்று சொல்ல அவள் வேண்டும். கடைவாசலில் சைக்கிள் மணி அடித்தால் அவள்தான் சோற்றுக்கேரியர் கொண்டுவருகிறாளோ என்று தலை தானாகத் திரும்பியது. கண் பரிசோதனைக்கு வந்தவரிடம் எழுத்துகளைப் படிக்கச் சொல்லிவிட்டு, அவர் படித்து முடித்து ஐந்து நிமிஷம் ஆகியும் இவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தினம் மதியம் ஒரு மணிக்கு, குழந்தை தூங்கும் நேரம் பார்த்து, போனில் பேசுவார்கள். நாக்கு நுனி வரைக்கும் 'வந்துடேன்' என்பது வரும். வாயைத் திறந்தால், "குழந்தை பால் குடிக்குதா?" என்று வெளியே வரும். அவளும் விடாமல், டாங்கி எதுவரைக்கும் என்று கேட்பாள். ஆகிக்கிட்டிருக்கு என்பார்.

அப்போதுதான் புத்தியில் உறைத்தது. வா என்று வாயால் சொல்ல வேண்டியதே இல்லையே. முடித்தால் வருகிறேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள். டாங்கியை முடித்துவிட்டால் அவளும் வந்துவிடுவாள், கெத்தும் குலையாது. கண்ணாடிக்காரர் பேய் பிடித்தமாதிரி வேலையில் இறங்கினார்.

ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான். டாங்கிக்குச் சக்கரத்தைச் சுற்றி ஒரு சங்கிலிப் பட்டை ஓடுமே, அது இந்தப் பெட்டியில் ஒரே பட்டையாக வரவில்லை. ஒரு பக்கத்துக்குத் தொண்ணூற்றிரண்டு கண்ணிகள். ஒவ்வொரு கண்ணியிலும் நாலு இடத்தில் பிசிறு. நாலையும் வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, அடுத்த கண்ணியோடு பசை அளவாகத் தொட்டு ஒட்ட வேண்டும். பசை கூடினால் சங்கிலி விறைக்கும், குறைந்தால் தூக்கும்போது பாதியில் பிரியும். ஒருநாள் பிரிந்தது. நாற்காலிக்கடியில் ஓடிய ஒரு கண்ணியைத் தேட, கண்பார்வைக்கே வைத்தியம் பார்க்கிற மனுஷன் தரையில் தவழ்ந்தார். இடப்பக்கம் முடியப் பதின்மூன்று நாள் ஆயிற்று. வர்ணம் அடித்து, அடிப்பகுதியில் சேறு பட்டமாதிரி பழுப்புப் பூசி, தூரத்தில் வைத்துப் பார்த்தார். நன்றாகத்தான் வந்திருந்தது. திருப்பிப் பார்த்தார். வலப்பக்கம் வெறும் சாம்பல் நிறம். சக்கரம்கூட இல்லை. இன்னும் பதின்மூன்று நாளா என்று நினைத்ததும் அழுகை வராத குறை.

மனசு கேட்கவில்லை. இடப்பக்கத்தை மட்டும் காட்டி, அந்தப்பக்கம் சாயாமல் ஒரு கண்ணாடிக் கூட்டை முட்டுக்கொடுத்து, படம் எடுத்து அனுப்பினார். முடிஞ்சாச்சு என்று ஒரு வரி.

உடனே பதில் வந்தது. நல்லா இருக்கு, அந்தப் பக்கத்தையும் காட்டுங்க. கூடவே இன்னொரு வரி. கையில வெச்சுக்கிட்டு எடுங்க, உங்களையும் பாத்தமாதிரி இருக்கும்.

அந்த இரண்டாவது வரியை அவர் நாலு தடவை படித்தார். படிக்கப் படிக்கப் பதின்மூன்று நாள் என்பது பதின்மூன்று வருஷமாகத் தெரிந்தது.

ப்ளம்பரைக் கூப்பிட்டார். போனில் படத்தை அப்படியே இடவலமாகத் திருப்ப முடியும், இடது வலதாகிவிடும் என்று ப்ளம்பர் சொல்லித்தந்தார். எதிரெதிரே மாட்டும் குழாய்களுக்கு அவர் அப்படித்தான் செய்து காட்டுவாராம், வாடிக்கையாளர் புரிந்துகொள்ள. கண்ணாடிக்காரருக்கு உயிர் வந்தது. கண்ணாடி பிம்பத்தைப் பற்றி அவருக்கா பாடம்? கடையில் தூரம் பத்தாததால் எழுத்துப் பலகையையே எதிர்ச்சுவர்க் கண்ணாடியில்தான் காட்டுகிறார். திருப்பினால் எழுத்தும் எண்ணும்தான் காட்டிக்கொடுக்கும் என்பது அத்துப்படி. சுவரிலிருந்து கடிகாரத்தை இறக்கினார். காலண்டரைக் கழற்றினார். கைக்கடிகாரத்தை அவிழ்த்து டப்பாவில் போட்டார். டாங்கியின் தலையில் ஒட்ட வேண்டிய நம்பரை ஒட்டவே இல்லை. பிறகு அவள் தைத்துக் கொடுத்த நீலக் கட்டம்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, டாங்கியை வயிற்றுக்கு நேராக இரண்டு கையிலும் பிடித்தபடி சிரித்தார். ப்ளம்பர் எடுத்தார். திருப்பினார்கள். அனுப்பினார்கள். பிசிறே இல்லை.

மறுநாள் கடையில் உட்காரவே பிடிக்கவில்லை. மகள் வீட்டிலிருந்து எத்தனை மணி நேரப் பயணம் என்று விரல்விட்டுப் பார்த்தார். வீட்டைப் பெருக்கினார். துணி க்ளிப்புகளைக் கொடிக்குத் திருப்பினார். ஒரு மணிக்குப் போன் அடித்தது.

"என்னங்க, சட்டை புதுசா?" என்றாள்.

"புதுசா? நீ தைச்சதுதான். நீலக் கட்டம்."

"நான் தைச்சதுல பாக்கெட் இடது பக்கம் இருந்துச்சே. இது வலது பக்கம் இருக்கு. பொத்தான் பட்டியும் பொம்பளைங்க சட்டை மாதிரி மாறிக் கெடக்கு. நான் இல்லாத நேரம் பாத்து வேற தையல்காரிகிட்ட போனீங்களா?"

கண்ணாடிக்காரருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியமாதிரி ஆகிவிட்டது. படம் எடுக்கும்போது கடிகாரத்தைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், கையில் கட்டியிருந்ததைக்கூடப் பார்த்தார். உடம்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை.

"டாங்கிக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லதானே?" என்றாள் அவள்.

"இல்ல."

"இத்தன வருஷம் பீரோ மேல கெடந்தது. இப்ப என்னங்க அப்படி அவசரம்?"

சொல்வதற்கு அவரிடம் பொய் எதுவும் மிச்சம் இல்லை.

"நீ வந்துடு. டாங்கி கெடக்குது. நீ இல்லாம எனக்கு வீட்ல இருக்கவே முடியல. சாப்பாடு இறங்கல. வந்துடு."

அந்தப் பக்கம் குழந்தை விக்குவது மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். இருந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொள்வது கேட்டது.

"இதச் சொல்ல உங்களுக்கு முப்பத்தொரு வருஷமாச்சா?"

"சொல்லிட்டேன்ல. எப்பக் கிளம்பற?"

"குழந்தைக்குக் கழுத்து நிக்கட்டும்ங்க. அதுக்கு இன்னும் ஒன்றரை மாசம் ஆகும்."

"ஒன்றரை மாசமா? டாங்கி முடிஞ்சா அன்னிக்கே வர்றேன்னியே?"

"நீங்க முடிப்பீங்கன்னு யாருங்க நெனச்சா?"

கண்ணாடிக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். அவள் குரல் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் அதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது.

"ஒரு தடவ கேட்டா எனக்குப் பத்தாது. நான் வர்றவரைக்கும் தினம் ஒரு மணிக்குக் கூப்பிட்டு, இப்ப சொன்னீங்களே, அதையே ஒரு தடவ சொல்லுங்க. வேற எதுவும் பேச வேண்டாம்."

இது என்ன அநியாயம் என்று கேட்க வாயெடுத்தார். போன் வைக்கப்பட்டிருந்தது.

மறுநாள் பன்னிரண்டரைக்கே கடையை மூடிவிட்டார். வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, மெஷின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு அவளைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து ஒரு மெசேஜ் மட்டும் வந்தது.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."