மூன்று மீன் கொடுத்தீர்கள், ஏழு இருக்கின்றன

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நான் நலம், முழங்கால் சுமார். போன இடத்தில் நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

புறப்படும் அன்று மீன் தொட்டியை என் மேஜைமேல் வைத்துவிட்டு நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "மாமா, ஒரு மாசம் இந்த மூணையும் பத்திரமா பாத்துக்கிட்டீங்கன்னா, நீங்க தனியா இருக்கறதப் பத்தி இனிமே வாயே திறக்க மாட்டோம். ஒண்ணு செத்தாலும் எங்க வீட்டு மாடி ரூமுக்கு வந்துடணும்." சரி என்றேன். எனக்கு என் வீடும் என் சாவியும் போதும்.

முதல் இரவே, விளக்கை அணைத்து அரைமணி கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால், பெரிய மீன் கூழாங்கல்மேல் ஒருக்களித்துக் கிடக்கிறது. நிறம் வெளுத்திருக்கிறது, செவுள் அசைகிறதா என்றே தெரியவில்லை, கண் மட்டும் அகலத் திறந்திருக்கிறது. மில்லில் இருபத்தொன்பது வருஷம் இரவு ஷிப்ட் மேற்பார்வை பார்த்து, தூங்குகிறவர்களைப் பஞ்சு மூட்டைக்குப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தவன் நான். கண் மூடியிருந்தால் தூக்கம். திறந்திருந்தால் வேலை. திறந்திருந்தும் வேலை நடக்கவில்லையென்றால் மரணம். நாலாவதாக ஒன்றை நான் கண்டதில்லை. ஆகவே காலையில் முதல் ஆளாகப் போய் அதே பட்டை, அதே நீளத்தில் ஒரு மீன் வாங்கி வந்தேன். வந்து பார்த்தால் செத்தது நீந்திக்கொண்டிருக்கிறது. ஆயுசு கெட்டி என்று புதியதையும் உள்ளே விட்டேன். மறுநாள் இரவு நடுமீன் செத்தது. அதற்கு மறுநாள் புதிதாக வந்ததே செத்தது. நீங்களே சொல்லுங்க மாப்ளே, ராத்திரி சாகறதும் காலைல எழுந்துக்கறதுமா இருந்தா ஒரு மனுஷன் எத்தன தடவைதான் கடைக்கு நடப்பான்?

நான்காம் முறை கடைக்காரரே கேட்டார்: "பெரியவரே, பண்ணை கிண்ணை வைக்கிறீங்களா?" நடந்ததைச் சொன்னேன்.

"அது தூங்குதுங்க. மீனுக்கு இமையே கிடையாது, அப்புறம் எப்படிக் கண்ண மூடும்? இந்த வகை படுத்துத்தான் தூங்கும். டார்ச் அடிச்சு எழுப்பாதீங்க, பாவம்."

"இமை இல்லன்னா, தான் தூங்கறோம்னு அதுக்கே எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளுக்கு மீன் தீனி அளக்கப் போய்விட்டார். இருந்தாலும் பிழைப்புக்கு மீன் விற்கிறவர் என்பதால் அவர் பேச்சை ஏற்றுக்கொண்டேன். வெறுங்கையோடு திரும்புவானேன் என்று இன்னொன்றும் வாங்கினேன்.

ஆக, தொட்டியில் இப்போது ஏழு. செத்தது ஒன்றுமில்லை. மாடி அறையை எனக்காக வெள்ளையடிக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லவும். கொடுத்த வாக்கை நீங்கள் காப்பாற்றுவீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இருவரும் நோய்நொடியின்றி நெடுநாள் வாழ்ந்து, வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்க வேண்டுமென்று ஆசீர்வதிக்கும்,
உங்கள் மாமனார்.

பி.கு.: பெரிய மீன் மூன்று நாளாகத் தூங்குகிறது. முதல் நாள் ஒருக்களித்துத் தூங்கியது, இப்போது மேலே வந்து மல்லாந்து தூங்குகிறது. கடைக்காரர் சொன்னபடி நான் எழுப்பவில்லை. தண்ணீர்தான் லேசாக நாற ஆரம்பித்திருக்கிறது. அது எழுந்ததும் மாற்றிவிடுகிறேன்.