சீமெந்தர் நோய் தேடிய கதை

முதுமை தேடி வந்தபோது, "இப்ப நேரமில்லை, பிறகு வாரும்" என்று வாசல் படலையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிய ஒரே மனிதர் பருத்தித்துறையில் சீமெந்தர்தான். படலையில் நின்று நின்று முதுமைக்குத்தான் கால் உளைந்திருக்கும். மனிதருக்கு ஒரு மூட்டுவலிகூட வந்ததில்லை.

காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் இளந்தாரியாக வேலைக்குச் சேர்ந்தவர். சண்டையோடு ஆலை மூடப்பட்டது. வேலை போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டது. அரசாங்க உத்தியோகத்தரைப் போலப் பென்சன் கிடையாது. மனைவி காலமாகிப் பல வருடம். ஒரே மகள் வானதி கனடாவில்.

"தம்பி, கிழடாகிறது சரியான செலவு பிடிச்ச வேலை" என்பார் என்னிடம். "பென்சன்காரருக்குக் கட்டுப்படியாகும். எனக்கு ஏலாது. எனக்கு என்ரை உடம்புதான் பென்சன். அதைக் கொண்டுபோய் டொக்டர்மாரிட்டைக் குடுக்க நான் என்ன விசரனே?"

அந்தப் பென்சனுக்கு அவர் போட்ட காவல், கடற்பாசி. அலை உடைகிற கற்பாருக்கு உள்பக்கம், இடுப்பளவுத் தண்ணீரில் கயிறு கட்டிப் பாசி வளர்த்தார். அயல்வீட்டுப் பெண்கள் சிலரையும் இந்த வேலையில் இறக்கிவிட்டார். காயவைத்த பாசியில் பெரும்பகுதி வியாபாரிக்குப் போகும். மிச்சம் சீமெந்தருக்குள் போகும். காலையில் பாசிக் கஞ்சி, மத்தியானம் பாசிச் சம்பல், பின்னேரம் தேத்தண்ணிக்குள்ளும் ஏதோ பச்சையாக மிதக்கும்.

"அதிலை அயடின் இருக்கு, கல்சியம் இருக்கு. அந்த வழுவழுப்பு இருக்கெல்லோ, அது குடலுக்கை கிடக்கிற கொழுப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு போகும்" என்று இரண்டு கையாலும் இழுத்துக் காட்டுவார். மெய்யோ பொய்யோ, நான் டொக்டர் இல்லை. ஆனால் அவர் இழுக்கிறபோது என் வயிற்றுக்குள் ஏதோ அசைவது போலத்தான் இருக்கும்.

ஒருநாள் யாழ்ப்பாண பஸ்ஸில் ஒரு பிள்ளை எழும்பி, "ஐயா, இருங்கோ" என்றது. சீமெந்தர் தன் பின்னால் திரும்பிப் பார்த்தார், எந்த ஐயா ஏறியிருக்கிறார் என்று. பிறகு, பக்கத்தில் நின்ற என்னைப் பிடித்து அந்த இருக்கையில் இருத்தினார். நான் அவரைவிட இருபது வயது இளையவன். "பாவம், இவர் பாசி சாப்பிடுறேல்லை" என்று பஸ்ஸுக்கே அறிவித்துவிட்டு, யாழ்ப்பாணம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். எனக்கு வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இன்னொரு நாள் ஒடியல் கூழுக்கு எங்களை எல்லாம் கூப்பிட்டார். பனங்கிழங்கு மாவில் நண்டு, இறால், மரவள்ளி, பயத்தங்காய் எல்லாம் போட்ட கூழ். பிலாவிலையைக் கோலி வழித்து வழித்துக் குடித்து முடித்த பிறகுதான், "எப்பிடி என்ரை பாசி?" என்றார். ஒருவர் கிணற்றடிக்கு ஓடி வாயைக் கொப்பளித்தார். போகும்போது அதே ஆள்தான் மிச்சக் கூழைச் சட்டியோடு கொண்டுபோனார்.

இப்படி இருந்த மனிதர் ஒரு காலை என் வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தம்பி, எனக்கு அவசரமா ஒரு வருத்தம் வேணும்."

"என்ன அண்ணை?"

"சீனி வருத்தம் எண்டாலும் பரவாயில்லை. பிரஷர் எண்டால் இன்னும் நல்லம்."

விசயம் இதுதான். வானதி அவரைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் பண்ணிவிட்டாள். கொழும்பில் மெடிக்கல் எடுக்க வேண்டும். சீமெந்தருக்குப் போக விருப்பமில்லை. ஆனால் அதை மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் இளம்பிள்ளையாக நாட்டைவிட்டுப் போன அன்று, "நீ கூப்பிட்டால் அப்பா வருவன்" என்று சொல்லி அனுப்பியவர் அவர். மெடிக்கலில் பெயில் விட்டால் வாக்கும் தப்பும், கடலும் தப்பும்.

"அங்கை சுகமான கிழவனுக்குத்தான் மவுசு. சின்னனுகளைப் பாக்கலாம், பள்ளிக்கூடத்தாலை கூட்டியரலாம். வருத்தக்காரக் கிழவன் எண்டால் செலவு. நான் செலவா மாற வேணும், தம்பி."

அன்றைக்கே பாசி நிறுத்தம். காலையில் சீனியைக் கொட்டிப் பால்தேத்தண்ணி. பத்து மணிக்குப் பருத்தித்துறை வடை, பை பையாக. இரவில் ஆட்டிறைச்சிக் கொத்துரொட்டி. "பிழிஞ்சால் எண்ணெய் வடிய வேணும்" என்று கடைக்காரனுக்குக் கட்டளை. ஊரே வாயைப் பிளந்தது. கூடவே போன எனக்குத்தான் நெஞ்செரிவு வந்தது.

மெடிக்கலுக்கு நானும் துணைக்குப் போனேன். எல்லாச் சோதனையும் முடிய, டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஐயா, ஒரு குறையும் இல்லை. என்ன சாப்பிடுறனீங்கள்?" என்று கேட்டார். நான் மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தேன். மிதித்து என்ன? சாப்பாட்டைப் பற்றி ஒருவர் கேட்டபின் சீமெந்தரின் வாயை மூட ஆளில்லை. அயடினில் தொடங்கி, கொழுப்பை இழுத்துக் காட்டி, நாங்கள் வெளியே வந்தபோது டொக்டரின் கையில் பாசிக் கஞ்சி காய்ச்சும் முறை இருந்தது.

ஊருக்கு வந்து, பஸ் நிலையத்திலிருந்து மீன் சந்தை வரைக்கும் கண்டவரையெல்லாம் மறித்து, டொக்டர் சொன்னதைச் சொல்லிக்கொண்டு போனார். சொல்லும்போது நெஞ்சு நிமிரும், முகம் அழும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மனிதரில் நடந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

அடுத்த நாள் வானதி வீடியோவில் வந்தாள். ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

"பிள்ளை, மெடிக்கல் பாஸ்."

"தெரியும் அப்பா. உங்களுக்கு ஒண்டும் இராது."

சீமெந்தர் ஃபோனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார்.

"பிள்ளை... எனக்கு வர விருப்பமில்லை. உன்னிலை பாசம் இல்லாமல் இல்லை. இஞ்சை நான் உழைக்கிறன். அங்கை வந்தால் நீ லீவு எடுத்து என்னைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போக வேணும். பெயில் விடுவமெண்டு கொத்துரொட்டி, வடை எல்லாம் திண்டும் பாத்தன். உடம்பு கேக்குதில்லை."

கனடாப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு. சிரிப்போடு அழுகை.

"இதைச் சொல்லவோ அப்பா இவ்வளவு கொத்துரொட்டி? நீங்கள் தனியக் கிடந்து கஷ்டப்படுறியள் எண்டெல்லோ நான் கூப்பிட்டனான்!"

"கஷ்டமோ? எனக்கோ?" சீமெந்தருக்குக் கோபமே வந்துவிட்டது.

"சரி, கத்தாதேங்கோ. நீங்கள் வரவேண்டாம். நான் வாறன்."

ஆவணியில் பிள்ளைகளோடு வந்தாள். காலையில் அவளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சீமெந்தர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார். பெண்கள் பின்னால் வர, அவருடைய அதட்டல் கரைவரைக்கும் கேட்டது. வானதி கண்ணைத் துடைத்தாள்.

எங்களுக்குப் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு வெளியூர்க்காரர் தலையை ஆட்டினார். "உந்தக் கிழவனை உந்த வயதிலை ஆர் கடலுக்கை விட்டது? பாக்க ஆக்கள் இல்லையோ?"

வானதி சட்டென்று திரும்பினாள். "ஆரும் விடேல்லை. அது என்ரை அப்பா" என்றாள். சொன்ன விதத்தில் கனடாவில் வாங்கிய வீட்டைக் காட்டுகிற பெருமையெல்லாம் தோற்றுப்போகும்.

எனக்கும் பொறுக்கவில்லை. "எங்கடை ஆளும்தான், பிள்ளை" என்றேன்.