வெட்பாலை அக்கா நடத்திய பெண் பார்க்கும் படலம்

பெரம்பலூரில் யாரும் சொறிந்துகொண்டே வெட்பாலை அக்காவைக் கடந்து போனதாகச் சரித்திரம் இல்லை. பிடித்து உட்காரவைத்து எண்ணெய் தடவிவிடுவார். எங்கள் லேடீஸ் ஹாஸ்டலுக்குக் கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரே ஒருமுறை முழங்கை பளபளக்கத்தான் திரும்பிப் போனார்.

அக்காவுக்கு ஜவுளிக்கடையில் வேலை. மீதி நேரமெல்லாம் மொட்டைமாடி. வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் நாவல்பழ நிறத்துக்கு வரும். உப்புத் தண்ணீரில் குளித்துக் குளித்துச் சாம்பல் பூத்துக் கிடந்த எங்கள் தோலுக்கு அதுதான் மருந்து. அரிப்பு அடங்கிவிடும். அக்காவின் அதட்டல்தான் அடங்காது.

எங்களோடு தங்கியிருந்த வரதராஜன்பேட்டை ஜெனிபர் டீச்சருக்குக் கையெல்லாம் செதில் செதிலாக உரியும். அதைப் பார்த்தே ஒரு வரன் தட்டிப்போயிருந்தது. அடுத்த மாப்பிள்ளை வீட்டார், போகிற வழியில் ஹாஸ்டலிலேயே பெண்ணைப் பார்த்துவிடுகிறோம் என்றார்கள்.

"இதுவும் தட்டிப்போனா எங்கப்பா ஒடஞ்சிருவாருக்கா."

"அழுவாதடி. மத்தியானம் தேச்சு ஊறவச்சுப் பயத்தமாவு போட்டுக் குளி. அவங்க நாலு மணிக்குத்தான வராங்க?"

ஊறவைத்தாயிற்று. குழாயைத் திறந்தால் காற்று வருகிறது. மோட்டார் காயில் புகைந்துபோயிருந்தது. அந்த நேரம் பார்த்து மூன்று மணிக்கே கார் வந்து நின்றது. பழைய நைட்டியில் எண்ணெய் சொட்டச் சொட்ட ஜெனிபர் ரூமுக்குள் ஓடி ஒளிந்தாள்.

நாங்கள் கதிகலங்கி நிற்க, அக்கா நேரே மாப்பிள்ளையிடம் போனார்.

"பொண்ணு எண்ணெ தேச்சிருக்குங்க. தோலு வறண்டு அரிக்கிற ஒடம்பு, மறைக்க ஒண்ணுமில்ல. குளிக்கத் தண்ணி இல்ல. தெருமுனையில அடிபம்பு இருக்கு, அந்தக் கொடத்த எடுங்க."

"ஏங்க, மாப்ளையா தண்ணி தூக்கறது?" என்று அவர் அம்மா வாயைப் பிளந்தார். மாப்பிள்ளையோ பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை தொப்பலாக நனையக் குடம் குடமாகக் கொண்டுவந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்த ஜெனிபர், குளிப்பதற்கு முன்பே முடிவு பண்ணிவிட்டாள்.

"இவருதான்க்கா."

பெண்ணைப் பார்த்துவிட்டுப் புறப்படும்போது மாப்பிள்ளை கேட்டது ஒன்றுதான்: "மோட்டார் எப்ப சரியாவும்? நாளைக்கும் வரட்டுங்களா?"

கல்யாண வரவேற்பு மேடையில் அக்கா அவர் கையில் ஒரு பாட்டில் எண்ணெயைக் கொடுத்தார்.

"இவளுக்கு முதுகுல கை எட்டாத எடம் ஒண்ணு இருக்கு. இத்தன நாளு நான் பாத்துக்கிட்டேன். இனிமே நீங்க பாத்துக்குங்க."

சொல்லிவிட்டு, கொடுத்த பாட்டிலையே திரும்ப வாங்கி மூடியை இன்னொரு தரம் இறுக்கிக் கொடுத்தார்.

நான் இப்போது சென்னையில் தனியாக இருக்கிறேன். என் முதுகை மட்டும் யாரிடமும் ஒப்படைக்காமல் விட்டுவிட்டாரே என்று அக்கா மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.