பச்சை விளக்கு எரிந்த மாப்பிள்ளை

தன்தா, எகிப்து. ஏப்ரல் 21, திங்கட்கிழமை. சம்பவ நேரம் பிற்பகல் 3.40. கருவியில் ஊதியவர்கள் பன்னிரண்டு பேர். சிவப்பு பதினொன்று, பச்சை ஒன்று. அந்தப் பச்சை நான். அதனால்தான் என் கல்யாணம் நிற்கிறது.

மரியாதைக்குரிய காமில் மாமா அவர்களுக்கு, அக்கா மகன் வஜீஹ் எழுதுவது. இறைவன் அருளால் நீங்களும் மாமியும் சௌக்கியம், உங்கள் முழங்காலும் சௌக்கியம் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் கடிதம்.

நான் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறேன் என்பது எனக்கு நிச்சயித்திருக்கும் நெர்மீனின் அப்பா பக்ரிக்கு இன்னும் புரியவில்லை. "மாப்பிள்ளைக்கு பலூன் ஊதுற வேலை" என்றுதான் ஊரெல்லாம் சொல்கிறார். சரி, காட்டிவிடலாம் என்று கருவியைத் தூக்கிக்கொண்டு போனேன். விஷயம் எளிது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத மாலிப்டினம் ஆக்சைடு நுண்ணிழைகள். சிறுநீரகம் பழுதானவர் மூச்சில் அம்மோனியா கூடும், அது பட்டால் இழையின் மின்தடை மாறும், சிவப்பு எரியும். இல்லையென்றால் பச்சை. நான் போன நாள்தான் தப்பு. இன்றைக்கு ஷம் அன்னசீம், வசந்தத் திருநாள், மாமா. ஊரே புல்தரையில் விரிப்பைப் போட்டு, உப்பில் நொதித்து நாறும் ஃபிசீக் மீனைத் தின்கிற நாள். ஸுஹைர் அத்தை, அதாவது நெர்மீனின் அம்மா, வாரக்கணக்கில் உப்பில் ஊறப்போட்ட மடவை மீனைக் கொண்டுவந்திருந்தார். டப்பாவைத் திறந்ததும் பக்கத்து விரிப்புக்காரர்கள் எட்டிப் பார்த்துப் பாராட்டினார்கள்; எனக்குக் கண் எரிந்தது. வெங்காயத்தாளைக் கடித்துக்கொண்டு எல்லாரும் வெளுத்து வாங்கினார்கள். நான் என் பங்கை ரொட்டியில் சுருட்டிப் பூனைக்குக் கொடுத்துவிட்டு "பிரமாதம் அத்தை" என்றேன். எனக்குப் பொய் வராது. இன்றைக்கு என்று பார்த்து வந்துவிட்டது.

"எங்கே தம்பி உன் பலூன், கொண்டா பாப்போம்" என்றார் பக்ரி. ஊதினார். சிவப்பு. ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர், சிவப்பென்றால் நிற்க வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தெரியும்.

"இதுக்கு என்ன அர்த்தம் தம்பி?"

"சிறுநீரகம் போச்சுன்னு அர்த்தம்" என்றேன். கேட்டார், சொன்னேன். அவர் தம்பி ஊதினார், தம்பி பெண்டாட்டி ஊதினாள், வரிசையாக நெர்மீன் வரைக்கும் சிவப்பு. பக்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பரம்பரை வியாதி போலருக்கு. எங்கப்பாவும் ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து போவாரு. நோய்க்காரப் பொண்ணை உன் தலையில கட்டினா பாவம். மோதிரத்தைக் கழட்டிக் குடும்மா." அவளும் கழற்ற ஆரம்பித்துவிட்டாள், மாமா. நான் உண்மையைச் சொல்லித்தானே ஆகணும்?

"வியாதி இல்லைங்க, மீன். அழுகின மீனையும் அம்மோனியாவையும் இந்த இழை ஒண்ணாத்தான் எடுத்துக்கும்."

"என்ன மீன்னு சொன்ன?" என்றார் அத்தை.

"வேதியியல்படி சொன்னேன் அத்தை."

"சரி. என் மீனைத் தின்னவங்களுக்கெல்லாம் சிவப்பு. நீயும்தான் தின்ன. ஊது."

பச்சை.

"உன் கருவி நல்லாத்தான் வேலை செய்யுது வஜீஹ்" என்றாள் நெர்மீன். அத்தை டப்பாவை மூடிக்கொண்டே, "பூனை ஏன் இவரு காலையே சுத்துதுன்னு அப்பவே நினைச்சேன். மோதிரம் கழட்டினது கழட்டினதாவே இருக்கட்டும்" என்றார்.

நீங்கள் உடனே இஸ்மாயிலியாவிலிருந்து புறப்பட்டு வந்து எனக்காகப் பேச வேண்டும். வயிற்றுப்புண் என்று சொல்லுங்கள், எதையாவது சொல்லுங்கள். மாமிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு, உங்களுக்கு நீண்ட ஆயுள்.

இப்படிக்கு,
வஜீஹ்

பி.கு.: மேலே உள்ளதை மறந்துவிடுங்கள். உறையை ஒட்டும்முன் நெர்மீன் ஒரு தட்டோடு வந்தாள். "சிவப்பு வந்தா கல்யாணம்னு அம்மா சொல்றாங்க." முழு மீனையும் தின்றேன். ஊதினேன். சிவப்பு. பக்ரி போனில், "சந்தோஷம் மாப்பிள்ளை, இப்ப உனக்கும் நம்ம வியாதி" என்றார். கருவி இனி அத்தை வீட்டில், அவர் மீனை யார் தின்றார்கள் என்று பார்க்க. வெள்ளிக்கிழமை உங்களுக்கு அங்கே மீன் விருந்து. இனி நான் செய்யப்போவது:

1. நெர்மீனுக்கு மோதிரத்தை மறுபடி போட்டுவிடுவது.
2. மீனையும் அம்மோனியாவையும் பிரித்தறியும் இழையைச் செய்வது; அத்தையிடம் சொல்லாமலிருப்பது.
3. வெள்ளிக்கிழமை உங்கள் பக்கத்தில் பூனை வராமல் பார்த்துக்கொள்வது.
4. நீங்கள் ஊதிப் பச்சை எரிந்தால், உங்களை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிடுவது.