மூன்று கிலோமீட்டர் மிச்சம்

"இந்த ரோட்டைப் போட்ட ஆளு எங்க?" டம்பர் லாரியின் ஏணியில் இறங்கிக்கொண்டே கேட்டாள் டிரைவர்.

கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ரோட்டைப் போட்ட இன்ஜினியர் அவள் புருஷன்தான். கீழேயே நின்றிருந்தான்.

"வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுல என்ன ரோடா இருக்கு? பின் சக்கரம் பாதி உள்ள போயிடுச்சு. நூறு டன் நிலக்கரியோட நான் கவிழ்ந்தா யாரு பதில் சொல்றது?"

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை. சுரங்கத்தின் உற்பத்தியை இரண்டு மடங்காக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது; பின்னாலேயே மாடி வீட்டு உயரத்துக்குப் புது டம்பர்கள் வந்தன. அவை ஓடுவதற்குப் பாறை மேல் சுற்றிப் போகும் பாதையைத்தான் அவன் எழுதிக் கொடுத்தான். மேனேஜரோ வரைபடத்தில் ஸ்கேலை வைத்து நேராக ஒரு கோடு இழுத்துவிட்டார்.

"மூணு கிலோமீட்டர் மிச்சம் பாருங்க."

"அங்க பூராவும் பொதபொதன்னு மண்ணு சார்."

"அதைக் கெட்டியாக்கத்தானே உங்களை வச்சிருக்கோம்."

வண்டி புதைந்ததும் மேனேஜர் உலர்ந்த மண்ணை மேலே கொட்டச் சொன்னார். கொட்டினான். புழுதி கிளம்பி, முன்னால் போகிற வண்டியே தெரியவில்லை. தண்ணீர் அடிக்கச் சொன்னார். அடித்தான். சேறாகி, டம்பர்கள் வழுக்கிக்கொண்டு இறங்கின. ஜல்லி போடச் சொன்னார். இரண்டே நாளில் ஆள் உயர டயர்கள் நாலு கிழிந்தன.

"ஜல்லியைப் பொறுக்கிடுங்க" என்றார் மேனேஜர்.

வீட்டில் அவள் பேச்சை நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது. சாப்பாட்டுத் தட்டை அவள் மேஜையில் வைக்கிற சத்தம் மட்டும் பேசியது.

மறுநாள் அவன் ரோட்டின் இரண்டு முனையிலும் தடுப்பைப் போட்டு மூடினான். மேனேஜர் முகம் சிவக்க ஓடி வந்தார்.

"யாரைக் கேட்டு மூடினீங்க?"

"யாரையும் கேட்கல. இருபது நாள் ஆகும். வேலையை விட்டுப் போகச் சொன்னா, முடிச்சுட்டுப் போறேன். என் பொண்டாட்டியைப் புதைகுழியில வண்டி ஓட்ட விடமாட்டேன்."

மேனேஜர் வந்த வேகத்திலேயே திரும்பிப் போய்விட்டார்.

அந்தக் கோபத்திலேயே வேலை நடந்தது. மண்ணை ஆள் ஆழத்துக்கு வெட்டி எறிந்தான். பெருங்கல், சின்னக்கல், சரளை என்று அடுக்கடுக்காகப் பரப்பி, ரோலர்காரர் கும்பிடுகிற வரை உருட்ட வைத்தான். இருபதாம் நாள் முதல் லோடை அவளே ஓட்டிவந்தாள். வண்டி அலுங்கவில்லை.

இறங்கி வந்து, காலால் ரோட்டை ஒரு மிதி மிதித்துப் பார்த்தாள். "ம். இப்பத்தான் இதுக்குப் பேரு ரோடு" என்றாள். ஒரு மாதத்தில் அவனிடம் அவள் கோபமில்லாமல் பேசிய முதல் வார்த்தை.

அவன் சிரிக்கப் போனபோது, நில அளவைக்காரர் வந்து ரோட்டின் நட்டநடுவில் இரும்பு முளை ஒன்றை அடிக்க ஆரம்பித்தார்.

"யோவ், ஓரத்துல அடிய்யா. ரோட்டுல ஏன் அடிக்கிற?"

அளவைக்காரர் சுத்தியலை இறக்கிவிட்டுப் பரிதாபமாகப் பார்த்தார்.

"திங்கட்கிழமை இதைத்தானே சார் தோண்டப் போறாங்க. கூடுதலா எடுக்கச் சொன்ன நிலக்கரி பூரா இந்த ரோட்டுக்கு அடியிலதான் இருக்கு."