எறும்புதின்னியின் நேரலை

ஒரு காட்டில், அதுவும் பல்கலைக்கழகம் ஒன்று இருந்து தொலைத்த காட்டில், செங்கோடன் என்ற எறும்புதின்னி இருந்தது. கரையான் புற்றுக்குள் காற்று எப்படிப் போய்வருகிறது என்று ஏழு வருஷம் மாய்ந்து மாய்ந்து ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கிய ஜீவன். ஆய்வுக்கு எடுத்த கரையானில் ஒன்றைக்கூடத் தின்னவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! இருந்தும் கௌரவ விரிவுரையாளர் வேலைதான். வருஷா வருஷம் ஆனியில் வெளியே அனுப்புவார்கள், ஆடியில் கூப்பிடுவார்கள்.

ஒருவழியாக நிரந்தர வேலைக்கு நேர்காணல் வந்தது. வயது வரம்பு முடிய ஒரே மாதம். இதை விட்டால் அவ்வளவுதான். துணைவேந்தர் காட்டெருமை ஆய்வேட்டைத் தொடக்கூட இல்லை.

"ஃபாலோயர்ஸ் எத்தனை பேரு?"

"பதினொண்ணுங்க ஐயா. அதுல ஒன்பது பேர் சொந்தக்காரங்க."

"அட கஷ்டமே! வெளிய உட்கார்ந்திருக்கிற மயிலுக்கு மூணு லட்சம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஏதாவது பண்ணிட்டு வாங்க."

பாவம், செங்கோடன் அன்றே நேரலை போட்டது. "வணக்கம், புற்றின் காற்றோட்டம்..." என்று ஆரம்பித்ததும், நூறு பேர் பார்ப்பதாகத் திரை காட்டியது. யாராவது உற்றுப் பார்த்தால் எறும்புதின்னி என்ன செய்யும்? பந்தாகச் சுருண்டுவிட்டது. வகுப்பில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே எவரும் நிமிர்ந்தே பார்ப்பதில்லை.

நாற்பது நிமிஷம் அசையவில்லை. தொலைந்தோம் என்று நினைத்தது. காடோ கொண்டாடியது.

"என்ன நிதானம்!" என்றது கரடி.

"பார்த்தாலே மனசு லேசாகுது" என்றது முயல்.

வெள்ளிக்கிழமை நாலு லட்சம் பேர். மயில் வீட்டுக்குப் போனது, வேலை செங்கோடனுக்கு வந்தது.

முதல் வகுப்பு. செங்கோடனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏழு வருஷத்துச் சரக்கைக் கொட்ட இடம் கிடைத்துவிட்டதே! கரும்பலகையைப் பார்த்தபடி உற்சாகமாக ஆரம்பித்தது.

"சார், பாடமெல்லாம் வேணாம்" என்றது முன்வரிசை நரி. "சுருளுங்க, வீடியோ எடுக்கணும்."

ஜன்னலில் காட்டெருமையின் தலை தெரிந்தது. "முனைவரே, பேசாதீங்க! வகுப்பு நேரலையில போயிட்டிருக்கு. நீங்க வாயைத் திறந்து ரெண்டு நிமிஷத்துல அறுநூறு பேர் போயிட்டாங்க."

செங்கோடனுக்கு அழுகையே வந்துவிட்டது. சுருண்டது. உள்ளே, யாருக்கும் கேட்காமல், தன் வயிற்றுக்கு முதல் அத்தியாயத்தைச் சொல்ல ஆரம்பித்தது. வயிறு மட்டும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தது, மாதம் பிறந்தால் சம்பளமாயிற்றே.

நீதி: படித்ததை மறைக்கத் தெரிந்தவருக்கே பாடம் நடத்தும் வேலை நிரந்தரம்.